டீச், ட்ரெயின், கோச், கைட், மென்டார்: எந்த இடத்தில் எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகராதியைப் புரட்டினால் டீச், ட்ரெயின், இன்ஸ்ட்ரக்ட், கோச், ட்யூட்டர் எல்லாவற்றுக்கும் நேரே ‘கற்பி, பயிற்சி அளி’ என்று ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் இருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பல நேரம் வாக்கியம் உடைந்துவிடுகிறது. உடையாத இடத்தில் பொருள் மாறிவிடுகிறது. மின்னஞ்சல், ரெஸ்யூமே, நேர்முகத் தேர்வு, வகுப்பறை என்று இந்தச் சொற்கள் அதிகம் புழங்கும் இடங்களில் எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் உள்ளன.

இத்தனை சொற்களையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டா?

உண்டு. வேலை முடிந்த பிறகு கற்றுக்கொண்டவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

முன்பு தெரியாதது இப்போது தெரிகிறது என்றால் டீச். முன்பு செய்ய வராத வேலை, திரும்பத் திரும்பச் செய்து பழகியதால் இப்போது கை தவறாமல் வருகிறது என்றால் ட்ரெயின். ஏற்கெனவே ஓரளவு வந்தது மேம்பட்டிருக்கிறது என்றால் கோச். என்ன செய்ய வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றால் இன்ஸ்ட்ரக்ட். போகும் வழி தெரியாமல் நின்றவர் கூடவே வந்த ஒருவரின் துணையால் போய்ச் சேர்ந்தார் என்றால் கைட். முடிவைத் தானே எடுத்தார், எடுக்கும்முன் அனுபவசாலி ஒருவரின் கருத்து கிடைத்தது என்றால் அட்வைஸ். பல ஆண்டுகள் நீளும் உறவில் தொழிலும் ஆளும் சேர்ந்து வளர்ந்தால் மென்டார்.

பொருள் வேறுபாட்டுக்கு இது போதும். ஆனால் தவறுகளில் பெரும்பங்கு பொருளில் நடப்பதில்லை, வாக்கிய அமைப்பில்தான் நடக்கிறது. அதனால் அடுத்த கேள்வியை முதலில் ஊன்றிப் படியுங்கள்.

‘எக்ஸ்ப்ளெயின் மி’ தவறு, ‘டீச் மி’ சரி. இரண்டும் ஒரே மாதிரி வாக்கியம்தானே?

தமிழில் ஒரே மாதிரி, அங்குதான் சிக்கல். ‘எனக்குக் கற்றுக்கொடுத்தார்’, ‘எனக்குப் பயிற்சி கொடுத்தார்’, ‘எனக்கு விளக்கினார்’, ‘எனக்கு யோசனை சொன்னார்’ என எல்லா இடத்திலும் நாம் ‘எனக்கு’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை மூன்று கூட்டமாகப் பிரிகின்றன. ஒரு கூட்டத்தின் அச்சில் இன்னொன்றை வார்க்க முடியாது.

முதல் கூட்டம்: டீச், ஷோ, டெல். இவற்றுக்குப் பின்னால் ஆளும் வரலாம், விஷயமும் வரலாம், இரண்டும் அடுத்தடுத்து நேரடியாகவே வரலாம். ‘ஷி டாட் மி செஸ்’, ‘ஷோ மி த ஃபைல்’, ‘டெல் மி த ரூல்ஸ்’. நடுவில் எந்த ஒட்டுச் சொல்லும் வேண்டாம். விஷயத்தை முதலில் சொன்னால் மட்டும் டு வரும்: ‘ஷி டாட் செஸ் டு சில்ட்ரன்’. ‘டீச் டு மி செஸ்’ என்பது எந்த வகையிலும் சரியில்லை.

இரண்டாம் கூட்டம்: ட்ரெயின், கோச், இன்ஸ்ட்ரக்ட், ட்யூட்டர், கைட், அட்வைஸ், எஜுகேட், ப்ரீஃப். இவற்றுக்குப் பின்னால் ஆள் நேரடியாக வருவார். விஷயத்துக்கு ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். ‘ட்ரெயின் மி எக்செல்’ உடைந்த வாக்கியம். ‘ட்ரெயின் மி ஆன் எக்செல்’ அல்லது ‘ட்ரெயின் மி டு யூஸ் எக்செல்’ என்றால் சரி. அதுபோல ‘அட்வைஸ் மி ஆன் திஸ்’, ‘கைட் மி த்ரூ த ஃபார்ம்’, ‘ப்ரீஃப் மி ஆன் த ப்ராஜெக்ட்’.

மூன்றாம் கூட்டம்: எக்ஸ்ப்ளெயின், சஜெஸ்ட், டெமான்ஸ்ட்ரேட், டிஸ்க்ரைப். இவற்றுக்கு விஷயம்தான் நேரடியாக வரும். ஆளுக்கு டு வேண்டும். ‘எக்ஸ்ப்ளெயின் த ரூல் டு மி’. விஷயம் நீளமானால் ஆளை முன்னுக்குத் தள்ளலாம். அப்போதும் டு போகாது: ‘எக்ஸ்ப்ளெயின் டு மி ஹவ் த சிஸ்டம் வொர்க்ஸ்’.

செயப்பாட்டு வினையில் இதே பிரிவு இன்னும் துல்லியமாகத் தெரியும். முதல் இரண்டு கூட்டத்திலும் ஆளை எழுவாயாக வைக்கலாம்: ‘ஐ வாஸ் டாட் செஸ்’, ‘ஐ வாஸ் ட்ரெயின்ட் இன் ஃபர்ஸ்ட் எய்ட்’, ‘ஐ வாஸ் அட்வைஸ்ட் டு வெய்ட்’. மூன்றாம் கூட்டத்தில் முடியாது. ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் த ப்ராசஸ்’, ‘ஐ வாஸ் சஜெஸ்டட் டு அப்ளை’ இரண்டும் அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் பார்க்கக் கிடைக்கும் தவறுகள். ‘த ப்ராசஸ் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மி’, ‘இட் வாஸ் சஜெஸ்டட் தட் ஐ அப்ளை’ என்று திருப்பிப் போடுங்கள்.

புதிதாக ஒரு வினைச்சொல்லைப் படிக்கும்போது பொருளோடு நிறுத்தாமல், அது எந்தக் கூட்டம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தடுத்துவிடும்.

டீச்சுக்கும் ட்ரெயினுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு என்ன?

டீச்சின் எல்லை அகலமானது. பாடத்தை டீச் செய்யலாம், ஆளை டீச் செய்யலாம், குணத்தையும் செய்யலாம். ஒரு நிமிடத்திலும் முடியலாம்: ஷூ லேஸ் கட்டுவது எப்படி என்று ஒருமுறை காட்டினாலும் அது டீச்தான். ட்ரெயினுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பயிற்சி திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இரண்டு, முடிவில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். தீயணைப்பு வீரர், விமானி, செவிலியர், மோப்ப நாய் எல்லோரும் ட்ரெயின் செய்யப்படுகிறவர்கள்.

பாடத்தை ட்ரெயின் செய்ய முடியாது. ‘ஹி டீச்சஸ் ஹிஸ்டரி’ சரி. ‘ஹி ட்ரெயின்ஸ் ஹிஸ்டரி’ தவறு. ஆனால் ஆள் அல்லாதவற்றில் சிலவற்றை ட்ரெயின் செய்யலாம்: விலங்கு, தசை, காது, குரல், பந்தலில் ஏற்றிவிடும் கொடி, செயற்கை நுண்ணறிவு மாதிரி. ‘ட்ரெயின் அ மாடல்’ என்பதை ‘டீச் அ மாடல்’ என்று தொழில்நுட்ப எழுத்தில் சொல்வதில்லை. அங்கும் நடப்பது பல ஆயிரம் முறை திருத்தித் திருத்திப் பழக்குவதுதான்.

ட்ரெயின் செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் திசையே மாறிவிடும் என்பதையும் கவனியுங்கள். ‘ஷி ட்ரெயின்ட் ஆஸ் அ நர்ஸ்’ என்றால் அவர் யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. தானே பயிற்சி பெற்றார். ‘ஷி டீச்சஸ்’ என்று தனியாகச் சொன்னாலோ, ஆசிரியர் வேலை பார்க்கிறார் என்று பொருள்.

‘டீச் மி டு’, ‘டீச் மி ஹவ் டு’ இரண்டும் ஒன்றா?

நீச்சல், சைக்கிள் போன்ற திறன்களுக்கு இரண்டும் சரி. குணம், மனப்பாங்கு, பழக்கம் என்று வந்தால் ஹவ் இல்லாத வடிவம்தான் இயல்பு: ‘ஷி டாட் மி டு பி பேஷன்ட்’. படிப்படியான செய்முறை என்றால் ஹவ் சேர்ப்பது நல்லது: ‘ஷி டாட் மி ஹவ் டு ரீசெட் த ரௌட்டர்’.

ஹவ் இல்லாத வடிவத்தில் கவனிக்க வேண்டியது, நடுவில் ஆள் இருக்க வேண்டும் என்பது. ‘ஹி டீச்சஸ் டு ஸ்விம்’ தவறு. யாருக்கு என்று சொல்ல விருப்பமில்லை என்றால் பெயர்ச்சொல்லாக்கிவிடுங்கள்: ‘ஹி டீச்சஸ் ஸ்விம்மிங்’.

ட்ரெயினுக்குப் பின்னால் இன், ஆன், ஆஸ், ஃபார், டு எல்லாம் வருகின்றனவே, எது எப்போது?

துறை அல்லது திறன் என்றால் இன்: ‘ட்ரெயின்ட் இன் ஃபர்ஸ்ட் எய்ட்’. குறிப்பிட்ட இயந்திரம், மென்பொருள் என்றால் ஆன்: ‘ட்ரெயின்ட் ஆன் த நியூ மெஷின்’. வேலைப் பெயர் என்றால் ஆஸ்: ‘ட்ரெயின்ட் ஆஸ் அன் எலெக்ட்ரீஷியன்’. வரப்போகும் நிகழ்வு என்றால் ஃபார்: ‘ட்ரெயினிங் ஃபார் த மாரத்தான்’. வினைச்சொல் தொடர்ந்தால் டு: ‘ட்ரெயின்ட் டு ஹேண்டில் கம்ப்ளெயின்ட்ஸ்’.

செயற்கை நுண்ணறிவில் ஆனுக்குப் பொருள் சற்று வேறு. ‘ட்ரெயின்ட் ஆன் மெடிக்கல் இமேஜஸ்’ என்றால் அந்தப் படங்களே பயிற்சிக்கான தீனி.

‘ஐ அட்டெண்டட் அ ட்ரெயினிங்’ என்று எழுதலாமா?

வேண்டாம். ட்ரெயினிங் எண்ண முடியாத பெயர்ச்சொல். அதன் முன்னால் தனியாக அ வராது, பின்னால் பன்மை எஸ் வராது. ‘ட்ரெயினிங்ஸ்’ என்று பல நிறுவனங்களின் உள் அறிவிப்புகளில் புழங்குகிறது. ஆனாலும் வெளியே போகும் எழுத்தில் தவிர்ப்பதே நல்லது. ‘அ ட்ரெயினிங் செஷன்’, ‘அ ட்ரெயினிங் கோர்ஸ்’, ‘டூ டேஸ் ஆஃப் ட்ரெயினிங்’ என்று எழுதுங்கள். கைடன்ஸ், அட்வைஸ், கோச்சிங் மூன்றுக்கும் இதே விதி. ‘அன் அட்வைஸ்’ இல்லை, ‘அ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. ‘கைடன்சஸ்’ என்ற பன்மை பொது வழக்கில் இல்லை.

லெசன், கோர்ஸ், ட்யூட்டோரியல், கைட்லைன் ஆகியவை எண்ணக்கூடியவை. எண்ணிக்கை சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தால் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோச் என்பது விளையாட்டுக்கு மட்டுமா?

இல்லை. சொல்லின் பிறப்பே விளையாட்டுக்கு வெளியில்தான். ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகளின் பெயர்தான் ஐரோப்பிய மொழிகளில் பரவி ஆங்கிலத்துக்கு வந்தது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள், தேர்வைத் தாண்டக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தனி ஆசிரியரைப் பேச்சுவழக்கில் கோச் என்றார்கள். விளையாட்டுக்கு அது பிறகுதான் போனது. ஆகவே தேர்வுக்குத் தயார்செய்யும் இடத்தைக் கோச்சிங் சென்டர் என்று இந்தியாவில் சொல்வதில் பிழையில்லை. மூலப் பொருளுக்கு அது மிக நெருங்கியது. ஆனால் அமெரிக்கரிடம் ‘கோச்சிங்’ என்று மட்டும் சொன்னால் விளையாட்டோ அலுவலகத் திறன் வளர்ப்போதான் அவருக்கு முதலில் தோன்றும். ‘எக்ஸாம் ப்ரெப்’ அல்லது ‘டெஸ்ட் ப்ரெப்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்றைய வழக்கில் கோச்சின் உயிர்நாடி கவனித்துத் திருத்துவது. கற்பவர் செய்கிறார், கோச் பார்க்கிறார், ‘முழங்கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்து’ என்கிறார், மறுபடியும் செய்யச் சொல்கிறார். அலுவலகத்திலும் இதே முறைதான்: கோச் விடையைச் சொல்லிவிடாமல் கேள்வி கேட்டு ஆளைத் தானே கண்டுபிடிக்க வைப்பார். விடையை நேரடியாகச் சொன்னால் அது டீச் அல்லது அட்வைஸ் ஆகிவிடும்.

சட்டத் துறையில் இந்தச் சொல்லுக்குக் கெட்ட வாடை உண்டு. ‘த விட்னஸ் வாஸ் கோச்ட்’ என்றால், என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு. சாட்சியைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தயார்செய்ததைச் சொல்லும்போது ‘ப்ரிப்பேர்’ என்பதே பாதுகாப்பான சொல்.

நீச்சல் கற்றுத்தருபவர் டீச்சரா, இன்ஸ்ட்ரக்டரா, கோச்சா, ட்ரெயினரா?

ஒரே நீச்சல் குளத்தில் இத்தனை பேரும் நிற்கலாம்.

ஆழமில்லாத முனையில், தண்ணீரைக் கண்டு மிரளும் ஐந்து வயதுக் குழந்தையின் வயிற்றைக் கையால் தாங்கி மிதக்கப் பழக்குகிறவர் ஸ்விம்மிங் இன்ஸ்ட்ரக்டர் அல்லது ஸ்விம்மிங் டீச்சர். பிரிட்டனில் டீச்சர் என்ற வழக்கு அதிகம், அமெரிக்காவில் இன்ஸ்ட்ரக்டர். நடுப் பாதையில் நிறுத்துக் கடிகாரத்தோடு, போட்டிக்குப் போகும் வீராங்கனை திரும்பும் வேகத்தில் அரை விநாடியைக் குறைக்கப் பார்க்கிறவர் கோச். குளத்துக்கு வெளியே அதே வீராங்கனைக்கு எடை தூக்கும் அட்டவணை போட்டுத் தருபவர் பர்சனல் ட்ரெயினர் அல்லது ஃபிட்னெஸ் ட்ரெயினர்.

தொடக்க நிலை, பாதுகாப்பு விதிகள், சான்றிதழ் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் இன்ஸ்ட்ரக்டர் என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது: டிரைவிங், ஃபிளைட், ஸ்கூபா, யோகா, ஸ்கை. இசைக்கருவிக்கு டீச்சர்: பியானோ டீச்சர், வயலின் டீச்சர். குரலுக்கு வோக்கல் கோச் உண்டு. பெரும்பாலும் ஏற்கெனவே பாடத் தெரிந்தவர்களுக்கு. குத்துச்சண்டையிலும் குதிரைப் பந்தயத்திலும் மட்டும் மரபுப்படி ட்ரெயினர் என்பதே முதன்மையான சொல். அமெரிக்காவில் ‘அத்லெட்டிக் ட்ரெயினர்’ என்பவர் பயிற்சியாளரே அல்லர். விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் மருத்துவத் துறைப் பணியாளர். வேலை விளம்பரத்தில் இந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இன்ஸ்ட்ரக்ட் என்றால் கற்பிப்பதா, ஆணையிடுவதா?

இரண்டும். பின்னால் வருவதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இன் வந்தால் கற்பித்தல்: ‘ஷி இன்ஸ்ட்ரக்டட் அஸ் இன் ஃபயர் சேஃப்டி’. டு வந்தால் ஆணை: ‘ஷி இன்ஸ்ட்ரக்டட் அஸ் டு லீவ் த பில்டிங்’.

ஆணைப் பொருளில் அது மேலிருந்து கீழே பாயும் சொல். ‘ஐ இன்ஸ்ட்ரக்டட் மை மேனேஜர் டு சைன் த ஃபார்ம்’ என்று எழுதினால் மேலாளருக்கு நீங்கள் உத்தரவு போட்டதாகப் பொருள்படும். அங்கே ‘ஆஸ்க்ட்’ போதும். சற்றுப் பணிவாக வேண்டுமானால் ‘ரிக்வெஸ்டட்’. அழுத்தத்தின் ஏறுவரிசையில் வைத்தால் ஆஸ்க், டெல், இன்ஸ்ட்ரக்ட், ஆர்டர் என்று வரும். டைரக்ட் என்பது இன்ஸ்ட்ரக்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதிகாரபூர்வமான சாயல் அதில் இன்னும் கூடுதல்.

சட்ட வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. பிரிட்டனில் கட்சிக்காரர்தான் வழக்கறிஞரை இன்ஸ்ட்ரக்ட் செய்கிறார். தன் சார்பில் செயல்பட அவரை அமர்த்துகிறார் என்று பொருள். அமெரிக்க நீதிமன்றத்தில் நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வது ‘இன்ஸ்ட்ரக்ட் த ஜூரி’. இங்கிலாந்தில் அதே செயல் ‘டைரக்ட் த ஜூரி’.

பெயர்ச்சொல்லிலும் ஒருமை பன்மையைப் பார்க்க வேண்டும். பன்மையில் ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்றால் செய்முறைக் குறிப்பு அல்லது உத்தரவுகள். எண்ண முடியாத ஒருமையில் ‘இன்ஸ்ட்ரக்ஷன்’ என்றால் கற்பித்தல்; ‘மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்பதில் வருவது அதுதான்.

‘ப்ளீஸ் கைட் மி’ என்று மின்னஞ்சலில் எழுதலாமா?

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இந்திய ஆங்கிலத்தில் இது ‘உதவி வேண்டும்’ என்பதற்கான பொதுச் சொல்லாகிவிட்டது. வேறு நாட்டவருக்கோ, கையைப் பிடித்துக் கடைசிவரை கூட்டிப்போகச் சொல்வது போலத் தோன்றும்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: ‘ஐ வான்ட் டு அப்ளை ஃபார் த ஸ்காலர்ஷிப். ப்ளீஸ் கைட் மி ரிகார்டிங் த சேம்.’ இதில் கேள்வியே இல்லை. விண்ணப்பிக்கலாமா, எப்படி விண்ணப்பிப்பது, எந்தப் படிவம் என்று எதைக் கேட்கிறார்? எது வேண்டுமோ அதற்குரிய வினைச்சொல்லைப் போட்டால் பதில் கிடைக்கும்.

தகுதி உண்டா என்று தெரிய வேண்டும் என்றால்: ‘குட் யூ டெல் மி வெதர் ஐ ஆம் எலிஜிபிள்?’ செய்முறை வேண்டும் என்றால்: ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் ஹவ் டு ஃபில் இன் செக்ஷன் த்ரீ?’ இரண்டு வாய்ப்புகளில் எது நல்லது என்று கருத்து வேண்டும் என்றால்: ‘குட் யூ அட்வைஸ் மி ஆன் விச் கோர்ஸ் டு சூஸ்?’ உண்மையிலேயே ஒவ்வொரு படியாகக் கூட இருந்து காட்ட வேண்டும் என்றால் மட்டும்: ‘குட் யூ கைட் மி த்ரூ த ஃபார்ம்?’ ‘வாக் மி த்ரூ’ என்றாலும் இதே பொருள்தான்; பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது.

‘த சேம்’ என்பதை எப்படியும் எடுத்துவிடுங்கள். சொல்ல வந்த பெயர்ச்சொல்லையே எழுதுவது தெளிவு.

முனைவர் பட்ட ‘கைட்’ என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் புரியுமா?

ஊகித்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே அந்த வழக்கு இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா என்றால் சூப்பர்வைசர். அமெரிக்கா என்றால் அட்வைசர். அதுபோல் தேர்வுக்கு வாங்கும் விடைப் புத்தகத்தையும் வெளியே ‘கைட்’ என்றால் சுற்றுலாக் கையேடு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு; ‘ஸ்டடி கைட்’ என்றால் குழப்பமில்லை.

மென்டாருக்கும் கோச்சுக்கும் ட்யூட்டருக்கும் எப்படிக் கோடு போடுவது?

காலமும் இலக்கும் வேறு. ட்யூட்டருக்கு இலக்கு ஒரு பாடம்; ஒருவருக்கோ சிறு குழுவுக்கோ சொல்லிக்கொடுப்பார், பாடம் முடிந்தால் வேலை முடியும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் மட்டும் ட்யூட்டர் என்பது ஒரு பதவி; மாணவரின் படிப்பு முழுவதையும் மேற்பார்வையிடும் ஆசிரியரையும் அப்படி அழைப்பார்கள். கோச்சுக்கு இலக்கு ஒரு திறனின் செயல்பாடு. கோச்சே அந்த வேலையில் உச்சத்தில் இருந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மென்டாரோ, நீங்கள் போக விரும்பும் பாதையில் முன்னே போனவர். அவரிடம் அட்டவணை இருக்காது. வேலை மாறலாமா, இந்தப் பொறுப்பை ஏற்கலாமா போன்ற கேள்விகளுக்குத் தன் அனுபவத்திலிருந்து பேசுவார்.

மென்டார் முதலில் ஓர் ஆளின் பெயர். ஒடிசி காப்பியத்தில் போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும் நண்பன் அவன். அவன் உருவில் வந்துதான் அதீனா தேவி ஒடிசியஸின் மகனுக்கு வழி சொல்கிறாள். சம்பளத்துக்கு நியமிக்கப்பட்டவர் என்ற சாயல் இந்தச் சொல்லில் குறைவாகவும், நம்பிக்கை என்ற சாயல் கூடுதலாகவும் இருப்பதற்கு இந்தப் பின்னணி பொருந்துகிறது. இரண்டு வாரம் மென்பொருள் சொல்லிக்கொடுத்த மூத்த ஊழியரை மென்டார் என்பது மிகை. அவர் ட்ரெயினர்.

‘ஐ டேக் கிளாசஸ்’ என்றால் நான் ஆசிரியர் என்று புரியாதா?

பெரும்பாலான நாடுகளில் நேர்மாறாகப் புரியும். ‘டேக் அ கிளாஸ்’ என்றால் மாணவராக வகுப்பில் சேர்வது. நேர்முகத் தேர்வில் ஓர் ஆசிரியர் ‘ஐ டேக் மேத்ஸ் கிளாசஸ்’ என்றால், கேட்பவர் அவர் கணக்கு படித்துக்கொண்டிருப்பதாக நினைக்கலாம். ‘ஐ டீச் மேத்ஸ்’ என்று சொல்லுங்கள்.

ட்யூஷனும் அப்படியே. இந்திய வழக்கில் தனி வகுப்பு. பிரிட்டனில் கற்பித்தல், தனி வகுப்பு என்ற பொருள்கள் உண்டு. அமெரிக்காவில் கல்விக் கட்டணம். ‘ஐ பெய்ட் மை ட்யூஷன்’ என்று அமெரிக்க மாணவர் சொன்னால் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். தனி வகுப்பு நடத்துவதைச் சொல்ல ‘ஐ ட்யூட்டர் ஸ்டூடன்ட்ஸ் இன் மேத்ஸ்’ என்பது எங்கும் புரியும்.

எஜுகேட்டை எப்போது பயன்படுத்துவது?

நீண்ட காலக் கல்வி, ஆளின் முழு வளர்ச்சி என்று பேசும்போது. அல்லது பொதுமக்களுக்கு விழிப்புணர்வு என்று பேசும்போது: ‘எஜுகேட் பீப்பிள் அபௌட் டயபடீஸ்’. ஒரு தனித் திறனுக்கு இது பொருந்தாது. யாரும் யாரையும் கார் ஓட்ட எஜுகேட் செய்வதில்லை. ‘லெட் மி எஜுகேட் யூ’ என்று ஒருவரிடம் சொல்வது அவமதிப்பாகவே கேட்கும். ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்பதை அது உள்ளே வைத்திருக்கிறது. சக ஊழியரிடம் ‘லெட் மி எக்ஸ்ப்ளெயின்’ போதும்.

அட்வைஸில் எழுத்து எப்போது சி, எப்போது எஸ்?

பெயர்ச்சொல் என்றால் சி, வினைச்சொல் என்றால் எஸ். ஒலியும் மாறும்: பெயர்ச்சொல்லின் முடிவில் வெறும் காற்றொலி, வினைச்சொல்லின் முடிவில் தொண்டை அதிரும் இசட் ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

வாக்கியத்தில் மூன்று வடிவங்கள் போதும். ‘அட்வைஸ் சம்ஒன் டு ரெஸ்ட்’, ‘அட்வைஸ் சம்ஒன் ஆன் டேக்ஸ்’, தடுக்கும்போது ‘அட்வைஸ் அகெய்ன்ஸ்ட் சைனிங்’. சஜெஸ்டுக்கு டு உடன் வினைச்சொல் வரவே வராது: ‘ஹி சஜெஸ்டட் மி டு கோ’ தவறு, ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ’ சரி. வணிகக் கடிதத்தில் ‘ப்ளீஸ் பி அட்வைஸ்ட்’ என்றால் அறிவுரை அல்ல. ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று பொருள்.

கவுன்சல் என்பது மனநலம், குடும்பம், தொழில் தேர்வு போன்ற தனிப்பட்ட சிக்கல்களில் பயிற்சி பெற்ற ஒருவர் தரும் ஆலோசனை. ஒலியில் ஒத்த கவுன்சில் என்பது மன்றம். எழுதும்போது நடுவில் சி வந்தால் மன்றம், எஸ் வந்தால் ஆலோசனை. கன்சல்ட் திசை திரும்பியது: நோயாளிதான் மருத்துவரைக் கன்சல்ட் செய்கிறார். ‘த டாக்டர் கன்சல்டட் மி’ என்றால் மருத்துவர் உங்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

லெக்சர், ப்ரீஃப், டெமான்ஸ்ட்ரேட், சூப்பர்வைஸ்?

லெக்சருக்குப் பின்னால் ஆன் மட்டும் வந்தால் விரிவுரை: ‘ஷி லெக்சர்ஸ் ஆன் லா’. நேரடியாக ஆள் வந்தால் பெரும்பாலும் திட்டு: ‘ஹி லெக்சர்ட் மி அபௌட் பீயிங் லேட்’. ப்ரீஃப் என்பது வேலை தொடங்கும்முன் தேவையான தகவலைச் சுருக்கமாகத் தருவது. முடிந்தபின் நடந்ததைக் கேட்டறிவது டிப்ரீஃப். டெமான்ஸ்ட்ரேட் செய்து காட்டுவது. மேலே சொன்ன மூன்றாம் கூட்டம் என்பதால் ‘டு மி’ கட்டாயம். சூப்பர்வைஸ் கற்பிப்பது அல்ல; வேலை சரியாக நடக்கிறதா என்று பொறுப்போடு பார்த்துக்கொள்வது.

ரெஸ்யூமேயில் எந்தச் சொல்லைப் போடுவது?

செய்த வேலைக்குப் பொருந்துவதை. தேர்வாளர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வியை அந்தச் சொல்லே தீர்மானிக்கிறது. ‘ட்ரெயின்ட்’ என்று எழுதினால் எத்தனை பேர், எதில், எவ்வளவு நாள் என்பார்கள்; அவற்றை வரியிலேயே கொடுத்துவிடுங்கள்: ‘ட்ரெயின்ட் 12 நியூ ஹயர்ஸ் ஆன் த பில்லிங் சிஸ்டம்’. ‘கோச்ட்’ என்று எழுதினால் அவர்களின் செயல்பாடு எந்த அளவு கூடியது என்று கேள்வி வரும். ‘மென்டார்ட்’ என்றால் அந்த இளையவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்பார்கள். ‘சூப்பர்வைஸ்ட்’ என்றால் அவர்கள் உங்களுக்குக் கீழ் அதிகாரபூர்வமாக வேலை பார்த்தார்களா என்று சரிபார்ப்பார்கள். ‘கைடட்’ மட்டும் எதையும் சொல்லாத சொல். அதை எடுத்துவிட்டு மேலே உள்ளவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

‘லெட்’ என்ற இறந்தகால வடிவத்தில் எழுத்துப்பிழை நிறைய வருகிறது. லீட் (தலைமை தாங்கு) என்பதன் இறந்தகாலத்தில் நடுவே ஏ எழுத்து கிடையாது. எல், ஈ, டி மட்டும்தான். ஏ சேர்த்து ‘லெட்’ என்று ஒலித்தால் அது ஈயம் என்ற உலோகம்.

கற்பவரைக் குறிக்க எல்லாவற்றோடும் ‘ஈ’ சேர்க்கலாமா?

முடியாது. ட்ரெயினீ, மென்டீ இரண்டும் நிலைபெற்றவை. கோச்சீ, ட்யூட்டீ அந்தந்தத் துறைக்குள் புழங்குகின்றன, வெளியே அரிது. டீச், கைட், இன்ஸ்ட்ரக்ட் மூன்றுக்கும் அப்படி ஒரு வடிவம் வழக்கில் இல்லை. டீச்சரிடம் கற்பவர் ஸ்டூடன்ட், பிரிட்டிஷ் பள்ளிக் குழந்தை என்றால் ப்யூப்பில், வயது வந்தவர்களும் ஓட்டுநர் பயிற்சியில் இருப்பவர்களும் லேர்னர்.